முத்திரையைத் துடைத்துவிட்டு மொழியை எழுதுங்கள்

மொழியியல் அறிஞர்கள் கூடும் மாநாடுகளில் இரண்டு விஷயங்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. ஒன்று, எழுத்து இல்லாத சிறு மொழிகளை அழிவதற்குள் பதிவு செய்து வைப்பது. மற்றொன்று, ஒரு சமூகத்தின் மீது பிறர் குத்தும் முத்திரை அந்தச் சமூகத்தை என்ன செய்கிறது என்பது.

இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் இவற்றைத் தனித்தனிப் பிரச்சினைகளாக நினைப்பது சரியல்ல. முத்திரை குத்தப்பட்டவன் வாயைத் திறக்க மாட்டான். வாயைத் திறக்காதவனின் மொழியை யாரும் எழுதிக்கொள்ள முடியாது.

"இது பேராசிரியர்கள் சமாசாரம். ஆலையிலும் ஆபீசிலும் வேலை பார்க்கும் நமக்கு என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். மகாராஷ்டிரத்தில் பிழைக்க வந்த தமிழர்களுக்கு இது மிகவும் நெருங்கிய விஷயம். காரணம், கைக்காடி மக்கள்.

மாநாட்டில் பிறந்த பணி

1886-ம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கீழ்த்திசை அறிஞர்களின் மாநாடு நடந்தது. இந்திய மொழிகளை முறையாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்த வேலையை ஜார்ஜ் கிரியர்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரி ஏற்றார். 1894-ல் தொடங்கிய பணி 1928-ல் முடிந்தது. மொத்தம் 11 தொகுதிகள். அவற்றில் 179 மொழிகளும் 544 கிளைமொழிகளும் இடம் பெற்றன.

சென்னை மாகாணம், ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்கள் இந்தக் கணக்கெடுப்பில் சேரவில்லை. ஆனாலும் 1906-ல் வெளிவந்த 4-வது தொகுதியில் தமிழின் கிளைகளாகக் கொரவா, கைக்காடி முதலிய பேச்சுகள் குறிக்கப்பட்டுள்ளன.

கைக்காடிகளுக்குக் கூடை முடைவது பரம்பரைத் தொழில். சுற்றிலும் மராத்தி. வீட்டுக்குள் தமிழோடு உறவுள்ள பேச்சு. நாம் ரயிலேறி வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே இந்த மண்ணில் குடியேறிவிட்ட மொழிச் சொந்தக்காரர்கள் அவர்கள்.

கதை கேட்ட சர்க்கார்

கிரியர்சன் கையாண்ட முறை எளிமையானது. பைபிளில் வரும் ஊதாரி மகன் கதையை ஒவ்வொரு பேச்சிலும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். அதோடு ஒரு சொற்பட்டியல், உள்ளூர்ப் பேச்சில் ஒரு துண்டு. இவற்றை எல்லாம் மாவட்ட அதிகாரிகள் மூலமாகவே திரட்டினார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 1871-ல் பிறந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். நாடு முழுவதும் பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலில் ஏற்றப்பட்டன. கைக்காடிகளும் அதில் சிக்கினார்கள். போலீசில் ஹாஜர் கொடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் ஊர் தாண்டக் கூடாது. சோலாப்பூர் போன்ற இடங்களில் வேலி போட்ட குடியிருப்புகளில் அடைத்து வைத்தார்கள்.

கதை சொல் என்று கேட்டதும் அதே சர்க்கார். ஹாஜர் புத்தகத்தில் பெயர் எழுதியதும் அதே சர்க்கார். இந்த நிலையில் ஒரு மனிதன் மனம் திறந்து பேசுவானா? கூடை முடையும்போது பாடுகிற பாட்டைச் சொல்வானா? மூங்கிலைப் பிளப்பது முதல் விளிம்பு கட்டுவது வரை அவனிடம் இருக்கும் சொற்கள் ஊதாரி மகன் கதையில் எப்படி வரும்?

1922-ல் வெளிவந்த 11-வது தொகுதி நாடோடி மக்களின் பேச்சு பற்றியது. அவர்களில் சிலர் தங்களுக்குள் பேசிய பேச்சு ரகசிய பாஷை என்று அதில் பதிவாகியிருக்கிறது. நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். அதை வியாபார சாமர்த்தியம் என்கிறோம். ஏழை நாடோடி தன் ஆட்களிடம் மறைவாக இரண்டு வார்த்தை பேசினால் திருட்டு பாஷையா?

குற்றப் பரம்பரைச் சட்டம் 1952 ஆகஸ்டு 31-ல் ரத்தானது. சட்டம் போய்விட்டது. சந்தேகப் பார்வை போகவில்லை.

நம் கதை என்ன?

முத்திரை என்றால் என்ன என்பது நமக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. விந்தியத்துக்குத் தெற்கே பிறந்த எல்லோரும் "மதராசி". நம் பேச்சு அவர்கள் காதுக்கு "யண்டு குண்டு". 1968-ல் வந்த 'படோசன்' இந்திப் படத்தில் மெஹ்மூத் போட்ட தமிழ்ப் பாட்டு வாத்தியார் வேஷத்தைப் பார்த்து நாடே சிரித்தது. 1960-களில் இந்த மும்பையில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளம்பிய கோஷங்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

விளைவு என்ன? "வண்டியில் சத்தமாகத் தமிழ் பேசாதே" என்று பிள்ளையை அடக்கிய வீடுகள் எத்தனை! பேரன் காலத்தில் தமிழ் பேச்சளவில் நின்றுவிட்டது. எழுத்து போய்விட்டது. சினிமாவும் பத்திரிகையும் அரசாங்கமும் உள்ள மொழிக்கே இந்தக் கதி என்றால், ஒன்றும் இல்லாத கைக்காடியின் கதி என்ன?

இவ்வளவும் பட்ட நாம் என்ன செய்கிறோம்? கோபம் வந்தால் "குறவன்" என்ற சொல்லை வசவாக எடுக்கிறோம். 'குறவன் குறத்தி' ஆட்டம் என்ற பெயரில் ஆபாசம் நடந்ததால், 2023-ல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை போட வேண்டி வந்தது. நமக்கு வலித்த இடத்திலேயே நாம் அடுத்தவனை அடிக்கிறோம்.

கணக்குக்கு மட்டும் நம்மவரா?

2011 ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகள் ஆக்கினார்கள். பிறகு 121 மொழிகளுக்குள் அடக்கினார்கள். 10,000 பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளின் பெயர் இந்தப் பட்டியலில் வராது.

தமிழ் என்ற தலைப்பின் கீழ்தான் கைக்காடி, கொரவா, எருகலா முதலியவை வருகின்றன. 2011-ல் தமிழர் எண்ணிக்கை 6 கோடியே 90 லட்சம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் இவர்களும் அடக்கம். கணக்குக்கு நம்மவர், பந்திக்கு அயலார் என்பது என்ன நியாயம்?

அவர்கள் பேசுவது தமிழின் கிளையா, தனி மொழியா என்பதில் அறிஞர்கள் சொல்வதைக் கேட்போம். பேசுகிறவர்கள் சொல்வதையும் கேட்போம்.

"வயிற்றுப்பாடே பெரும்பாடாக இருக்கும்போது மொழியைப் பதிவு செய்து என்ன லாபம்?" என்று ஒரு கேள்வி உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் காகிதத்தில் எழுதியதுதான் அவர்கள் வயிற்றில் அடித்தது என்பதை மறக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தில் விதர்பா மாவட்டங்களில் கைக்காடி என்றால் தாழ்த்தப்பட்டோர் பட்டியல். மற்ற மாவட்டங்களில் விமுக்த ஜாதி. மாவட்டம் மாறினால் சலுகை மாறுகிறது. பாரம் நிரப்பிப் பழகிய குமாஸ்தாக்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். ஒருவரைப் பற்றிச் சரியாக எழுதுவதும் சோறு சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

அவர்களே எழுதட்டும்

வழி இல்லாமல் இல்லை. கைக்காடி சமூகத்தில் பிறந்த லட்சுமண் மானே 1980-ல் 'உபரா' என்ற தன்வரலாற்றை மராத்தியில் எழுதினார். 'உபரா' என்றால் அந்நியன். அதற்கு 1981-ல் சாகித்ய அகாடமி பரிசு கிடைத்தது. 1906-ல் மாதிரிப் பேச்சாக அச்சேறிய சமூகம், பிறகு தன் கதையைத் தானே சொன்னது.

மாநாடு கூட்டும் பெரியவர்களுக்கு நம் வேண்டுகோள் இது. மொழி சொல்லித் தருகிறவரை மேடையில் உட்கார வையுங்கள். அவர் பெயரைக் கட்டுரையில் போடுங்கள். அவர் இழக்கும் நாள் கூலியைக் கொடுங்கள். பதிவு செய்த பாட்டையும் கதையையும் அவர் தெருப் பிள்ளைகள் கேட்கும்படி திருப்பிக் கொடுங்கள்.

மும்பை, புனே, சோலாப்பூர் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேலை உண்டு. பொங்கல் விழாவுக்கு மந்திரியை அழைக்கிறீர்கள், நடிகரை அழைக்கிறீர்கள். ஒரு வருஷம் கைக்காடிப் பெரியவர் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். எத்தனை சொல் நமக்குப் புரிகிறது என்று பார்ப்போம்.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. கணக்கெடுப்பவர் தாய்மொழி எது என்று கேட்கும்போது, அக்கம்பக்கத்துக்குப் பயந்து வேறு மொழியைச் சொல்லாதீர்கள். தமிழர் தமிழ் என்று சொல்லட்டும். கைக்காடிக்காரர் கைக்காடி என்று தலை நிமிர்ந்து சொல்லட்டும். அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் நிற்கும் நாம் சிரிக்காமல் இருந்தால், அதுவே அந்த மொழிக்குச் செய்யும் முதல் தொண்டு.