பழைய செயின்சாவுக்கும் ஒரு விலை உண்டு

தபால் தலை சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். பழைய நாணயம் சேர்ப்பவர்களையும் தெரியும். தீப்பெட்டிப் படம் சேர்க்காத பிள்ளை அந்தக் காலத்துத் தோட்டத்தில் உண்டா? ஆனால் மரம் அறுக்கும் இயந்திரத்தைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்றால் நம்மில் பலர் சிரிக்கத்தான் செய்வார்கள். புத்தகத்தில் அதைச் சங்கிலி ரம்பம் என்று எழுதுவார்கள். நம் லயங்களில் அதற்குச் செயின்சா என்றுதான் பெயர். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

அமெரிக்கா, கனடா, சுவீடன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு நன்றாக வேரூன்றியிருக்கிறது. ஐம்பது, அறுபது வருஷத்துப் பழைய செயின்சாக்களை வாங்கித் துடைத்து, பழுது பார்த்து, கொட்டகையில் வரிசையாக அடுக்கி வைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ ஓரிடத்தில் கூடி, பலகை மேசைகளில் பரப்பி வைத்து, கயிற்றை இழுத்து ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் உதிரிப் பாகத்தைக் கொடுத்து, தமக்குத் தேவையானதை வாங்கிக்கொள்கிறார்கள். பணம் கைமாறுவதும் உண்டு. சாமானுக்குச் சாமான் மாற்றிக்கொள்வதும் உண்டு. அவர்களில் பலர் மரவெட்டிகளின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அப்பாவின் கையிலிருந்த இயந்திரத்தைப் போலவே ஒன்று வேண்டும் என்று தொடங்கியவர்கள் இருபது, முப்பது என்று சேர்த்துவிடுகிறார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம். அவருடைய கணவர் குத்தகைக்காரரிடம் மரம் சாய்க்கும் வேலை செய்தவர். இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் வைத்திருந்த செயின்சா சமையல்கட்டுக்குப் பின்னால் சாக்குக்குள் கிடக்கிறது. பழைய இரும்பு லாரிக்காரர் வந்து எடை போட்டு ஒரு தொகை சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயது மகனோ, "அப்பா சாமானை விற்கக் கூடாது, நான் ஓட வைக்கிறேன்" என்கிறான். தாய்க்கு அதைப் பார்த்தாலே பயம். "கடைசி காலத்தில் அவருக்குச் சட்டைப் பித்தான் போட முடியாது, நான்தான் போட்டுவிடுவேன். அந்த மிசின் வீட்டில் இருக்கலாமா, ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

பதில் சொல்வதற்கு முன், அந்தச் சாக்குக்குள் கிடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை மரத்துக்காக முதலில் பிறந்ததன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள், கையால் இழுக்கும் சிறு சங்கிலி ரம்பத்தைக் கொண்டு வந்தார்கள். கெட்டுப்போன எலும்பை அறுத்தெடுக்கவும், கடினமான பிரசவத்தில் இடுப்பெலும்பின் இணைப்பை அறுத்து வழி விடவும் அது பயன்பட்டது.

மரத்துக்கு வந்தது வெகு காலம் கழித்து. ஜெர்மனியில் ஆன்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் செயின்சாவைச் செய்தார். 1927-இல் எமில் லெர்ப் என்ற மற்றொரு ஜெர்மானியர், டோல்மார் என்னும் மலையில் பெட்ரோலில் ஓடும் செயின்சாவைச் சோதித்துப் பார்த்தார். அந்த மலையின் பெயரே அவருடைய நிறுவனத்துக்கும் பெயராயிற்று. 1929-இல் ஸ்டீலும் பெட்ரோல் இயந்திரத்தைக் கொண்டு வந்தார். எடை 46 கிலோ! ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு மரம் அறுப்பதற்குச் சமம். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இன்று சேகரிப்பவர்கள் உயிராக மதிப்பது இப்படிப்பட்ட இரண்டு ஆள் இயந்திரங்களைத்தான்.

அடுத்த பெரிய மாற்றத்தைக் கொடுத்தது ஒரு புழு என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்ற மரவெட்டி 1946-இல் ஒரு மரக்கட்டைக்குள் வண்டின் புழு அரித்துக்கொண்டு போவதைக் கண்டார். மரத்தின் நாரோட்டம் எப்படியிருந்தாலும் அது தடையில்லாமல் போயிற்று. உற்றுப் பார்த்தபோது, அதன் தாடைகள் இடமும் வலமும் மாறி மாறிச் செதுக்குவது தெரிந்தது. அதே அமைப்பில் செயின் பல்லைச் செய்து 1947-இல் தொழில் தொடங்கினார். இன்றைய செயின்களில் பல் இடது, வலது என்று மாறி மாறி வருவது அந்தப் புழு கற்றுக்கொடுத்த பாடம். பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தில் சொல்லத் தகுந்த கதை இது.

பிறகு எடை மளமளவென்று குறைந்தது. 1949-இல் அமெரிக்காவின் மெக்கல்லக் நிறுவனம் சுமார் 11 கிலோவில் ஒரே ஆள் தூக்கும் இயந்திரத்தை விற்பனைக்கு விட்டது. அந்த நிறுவனத்தின் முதலாளி ராபர்ட் மெக்கல்லக்தான் 1968-இல் பழைய லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கப்பலேற்றி, அரிசோனாப் பாலைவனத்தில் மறுபடி கட்டியவர். 1950-இல் ஸ்டீல் 16 கிலோவில் ஓர் ஆள் இயந்திரம் செய்தது. 1959-இல் வந்த கான்ட்ரா என்ற மாடல் 12 கிலோ எடையும் 6 குதிரைச் சக்தியும் உடையது. அதன் வழியில் பின்னால் வந்த 070 என்ற மாடல் நம் வட்டாரத்துக் காட்டு மர வேலையில் பழகிய பெயர். 1959-இல்தான் சுவீடனின் ஹஸ்க்வர்னாவும் தன் முதல் செயின்சாவைச் செய்தது.

நம் தோட்டங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ரப்பர் மரம் 25, 30 வருஷம் பால் கொடுத்துவிட்டால் அதைச் சாய்த்து மறுநடவு செய்ய வேண்டும். முன்பு கோடரியாலும், இரண்டு பேர் இழுக்கும் கைவாளாலும் சாய்த்தார்கள். விஷம் பூசி நின்ற இடத்திலேயே பட்டுப்போக வைத்ததும் உண்டு. செயின்சா வந்த பிறகுதான் நிரை நிரையாகச் சாய்த்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. முன்பு விறகாகவும் நெருப்புக்கும் போன அந்தக் கட்டை, 1980-களில் மேசை நாற்காலியாகி வெளிநாட்டுக்குக் கப்பலேறத் தொடங்கியது. அந்த மரத்தையெல்லாம் சாய்த்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் பிடித்த இயந்திரம் ஒன்றுதான் சாட்சி. அதுவும் பழைய இரும்பு லாரியில் ஏறிவிட்டால் சாட்சியும் போயிற்று.

இனி, சேகரிப்பவர்கள் எதை வைத்து விலை மதிக்கிறார்கள் என்று பார்ப்போம். முதலாவது, முழுமை. ஓடாத இயந்திரமாக இருந்தாலும் எல்லாப் பாகமும் இருந்தால் மதிப்பு உண்டு. மேல் மூடி, காற்று வடிகட்டி, கைப்பிடி, மாடலும் எண்ணும் பொறித்த தகடு இவை தொலைந்துபோனால் மறுபடி கிடைப்பது கடினம். இரண்டாவது, அசல் நிறம். பளபளப்பாக இருக்கட்டும் என்று கடைச் சாயத்தை அடித்துவிட்டால் விலை இறங்கிவிடும். மூன்றாவது, அருமை. இலட்சக்கணக்கில் விற்ற மாடலைவிடக் கொஞ்ச காலமே செய்யப்பட்ட மாடலுக்குத்தான் போட்டி. நான்காவது, இழுப்பு. இயந்திரத்தைக் கயிற்றின் பிடியில் தொங்கவிட்டால், நல்ல பிஸ்டனாக இருந்தால் கயிறு தடைபட்டுத் தடைபட்டு மெதுவாக இறங்கும். தேய்ந்துபோயிருந்தால் சரசரவென்று ஓடிவிடும்.

முற்றிலும் கெட்டுப்போனதையும் அவர்கள் எறிவதில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இங்கே பொருந்தும். அதிலிருந்து காயிலை ஒருவர் கழற்றிக்கொள்வார், கார்புரேட்டரை இன்னொருவர் கேட்பார். இந்த வியாபாரத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: குறையை மறைக்காமல் சொல்லி விற்க வேண்டும். பிஸ்டனில் கீறல் இருந்தால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஒரு முறை ஏமாற்றியவரிடம் அடுத்த முறை யாரும் வாங்கமாட்டார்கள். வேறு நாட்டுக்காரருடன் மாற்றிக்கொள்பவர்கள் அந்த நாட்டுச் சட்டத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். உதாரணமாக, பிலிப்பைன்ஸில் 2002-இல் வந்த சட்டத்தின்படி செயின்சாவைப் பதிவு செய்யாமல் வைத்திருப்பதே குற்றம்.

இவ்வளவும் இனிப்பான பக்கம். இப்போது கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். அந்தச் சகோதரியின் பயம் வீண் பயம் அன்று.

பழைய செயின்சாவில் செயின் பிரேக் கிடையாது. பாரின் மேல் நுனி ஒரு கட்டையில் இடித்தால், இயந்திரம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தையும் தோளையும் நோக்கித் துள்ளும். அந்தக் கணத்தில் செயினை நிறுத்தும் பிரேக் 1970-களின் தொடக்கத்தில்தான் வந்தது. அதற்கு முந்தியதைப் பிடித்தவர்களுக்கு அவர்களுடைய பழக்கமும் கடவுளும்தான் துணை.

இரண்டாவது, அதிர்வு. கைப்பிடிக்கு ரப்பர் வைத்து அதிர்வைக் குறைக்கும் ஏற்பாடு 1960-களின் நடுவில்தான் வரத் தொடங்கியது. அது இல்லாத இயந்திரத்தை நாள் முழுவதும், வருஷக் கணக்கில் பிடித்தவர்களுக்கு விரல்களின் இரத்த ஓட்டமும் நரம்பும் கெடும். குளிர் நாடுகளில் விரல் நுனி வெள்ளைத் துணிபோல் வெளுத்துப்போகும். நம்முடைய வெப்பத்தில் வெளுப்பது அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மரத்துப்போவதும், சுருசுருவென்று குத்துவதும், சிறு பொருளைப் பிடிக்க முடியாமல் போவதும் இங்கேயும் வரும். ஊசியில் நூல் கோக்க முடியாது, காசைப் பொறுக்க முடியாது, பித்தான் போட முடியாது. சகோதரி, உங்கள் கணவரைப் பரிசோதித்த மருத்துவர் நான் அல்லன். ஆனால் நீங்கள் எழுதியது இப்படி உழைத்தவர்களிடம் காணப்படுகிற குறைதான். அவர் சோம்பலாலோ முதுமையாலோ உங்களை அழைக்கவில்லை. அந்தக் கை உழைத்துத் தேய்ந்த கையாக இருக்கலாம். உங்கள் மகனுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

இயந்திரத்தைப் பற்றி என் யோசனை இது. மகன் முதலில் டாங்கியில் இருக்கும் பழைய பெட்ரோலை வெளியிலே, அடுப்புக்கு எட்டாத இடத்தில், வடித்துவிடட்டும். செயினையும் பாரையும் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றி, சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்கட்டும். செயின் இல்லாத செயின்சா யாரையும் வெட்டாது. அதன் பிறகு, பழுது பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் போய்க் கற்றுக்கொள்ளட்டும். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் எங்கிருந்து வந்தது என்று தாளில் எழுதி வைக்கட்டும். பழைய செயின்சாக்களின் உடல் பெரும்பாலும் மக்னீசியம் கலந்த உலோகம். அதை அராவும் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும். ஓட வைக்கட்டும், ஆனால் அதைக் கொண்டு மரம் அறுக்க வேண்டாம். மரம் அறுக்கும் வேலைக்குப் போவதாக இருந்தால் பிரேக் உள்ள புதிய இயந்திரமும், தலைக்கவசமும், காலுறையும், முறையான பயிற்சியும் வேண்டும்.

வீட்டில் பணத் தட்டுப்பாடு இருந்தால் விற்பதிலும் வெட்கம் இல்லை. பசிக்கும் வயிற்றிடம் ஞாபகச் சின்னத்தைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் இரும்பு விலைக்கு விற்காதீர்கள். இயந்திரமாக விற்றுக் கொடுங்கள். தகட்டிலிருக்கும் மாடலையும் எண்ணையும் எழுதிக்கொண்டு, குறைந்தது இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். எடைக்குக் கிடைப்பதைவிட நல்ல விலை கிடைக்கலாம். சாதாரண மாடலாக இருந்தால் பெரிய தொகை வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதையல் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் செயின்சா இல்லாமல் இருக்கலாம். பால் வெட்டிய உளி, காண்டா வாளி, தகரப் பீலி, செம்பனைக் குலை சாய்த்த அரிவாள் என்று ஏதாவது ஒன்று கூரைச் சந்தில் செருகிக் கிடக்கும். அதை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். யார் பிடித்தது, எந்தத் தோட்டம், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டித் தொங்கவிடுங்கள். தாத்தா பாட்டி உயிரோடு இருந்தால் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் நல்லது. சேகரிப்பவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்: கதை தெரிந்த இயந்திரத்துக்கு, கதை தெரியாத இயந்திரத்தைவிட மதிப்பு அதிகம்.

அட்டை எழுத ஒரு மாலைப்பொழுது போதும். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.