36 சிசி தண்ணீர்

2022 மார்ச் மாதம் கிள்ளானில் எங்கள் பட்டறைக்கு ஒரு 1300 சிசி கார் வந்தது. ஓட்டி வந்தவர் தாமான் ஸ்ரீ மூடாக்காரர், அந்தக் காரை வைத்து இ-ஹெய்லிங் ஓட்டிப் பிழைப்பவர். "அண்ணே, வெள்ளத்துக்கு அப்புறம் எல்லாம் செஞ்சாச்சு. ஆயில் மூணு தடவை மாத்திட்டாங்க. ஆனா காடி நிக்கிறப்ப ஒரு நடுக்கம் இருக்கு, ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது" என்றார். எங்களிடம் வருமுன் மூன்று இடங்களில் கேட்டிருக்கிறார். ஓரிடத்தில் இன்ஜினையே மாற்றிவிடலாம், ஹாஃப் கட் (வேறு காரிலிருந்து அறுத்த முன்பாதி) கைவசம் இருக்கிறது என்றார்கள். இன்னோரிடத்தில் டாப் ஓவர்ஹால் என்றார்கள். மூன்றாமவர் நல்ல மனிதர், "ஓடுற வரைக்கும் ஓட்டுங்க" என்று காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். மூவரில் ஒருவரும் ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை.

கழற்றினோம். 1, 2, 4 ஆகிய சிலிண்டர்களில் கம்ப்ரெஷன் 13 பார் காட்டியது. மூன்றாவதில் பதினொன்றரை. அதில் கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்த்தும் பெரிதாக ஏறவில்லை, ஆக ரிங் தேயவில்லை. அப்படியானால் வால்வு என்றுதான் கை போகும். ஆனால் லீக்-டவுன் கேஜைப் போட்டதும் மூன்றாவது சிலிண்டர் மற்ற மூன்றையும் போலவே காற்றைப் பிடித்து நின்றது. ஆயில் மூடியில் சீற்றம் இல்லை, சைலன்சரில் இல்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. கசிவே இல்லாமல் அழுத்தம் மட்டும் ஒரு சிலிண்டரில் குறைந்தால், வெள்ளம் கண்ட வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கனெக்டிங் ராடைத்தான். பிளக் துளை வழியே ஆழம் அளந்தோம். மேலே வந்து நிற்கும்போது மூன்றாவது பிஸ்டன் மற்றவற்றைவிட 1 மிமீ அளவு கீழே நின்றது.

இந்த 1 மிமீ என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் நம் தொழிலில் பலர் இதை நம்புவதில்லை. நான்கு சிலிண்டர், 1300 சிசி, சுருக்க விகிதம் 10க்கு 1. ஒரு சிலிண்டரின் பங்கு 325 சிசி. அதை ஒன்பதால் வகுத்தால் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் வெறும் 36 சிசி. இருமல் மருந்து மூடியில் இரண்டரை மூடி. அதைவிட அதிகத் தண்ணீர் உள்ளே போனால், சுருங்காத தண்ணீரை இன்ஜின் சுருக்கப் பார்க்கும், ராடு வளையும். 72 மிமீ போரில் பிஸ்டன் 1 மிமீ தாழ்ந்தால் மேலே 4 சிசி இடம் கூடும், பத்தாக இருந்த விகிதம் ஒன்பதுக்குச் சற்று மேலே வந்து நிற்கும். 13 பார் பதினொன்றரையாக இறங்கியது அதனால்தான். வண்டி ஓடும். மாதக்கணக்கில்கூட ஓடும். பிறகு ஒருநாள் நெடுஞ்சாலையில் அந்த ராடு முறிந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அன்றைக்குப் பழுதுபார்ப்பதா மாற்றுவதா என்ற கேள்விக்கே இடமிருக்காது.

நின்றிருந்த காருக்குள் வெள்ளம் வந்ததால் மட்டுமே ராடு வளைந்துவிடுவதில்லை என்பதையும் வாடிக்கையாளர்களிடம் நாம் போதுமான அளவு சொல்வதில்லை. தண்ணீர் மெதுவாக ஏறி சிலிண்டரில் தேங்கும், அவ்வளவுதான். வளைப்பவர் மறுநாள் காலையில் "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று சாவியைத் திருப்புகிறவர். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, கிராங்கைக் கையால் சுற்றி, தண்ணீரை வெளியேற்றியிருந்தால் இந்தக் காரும் அப்படியே தப்பித்திருக்கும்.

அந்த வெள்ளம் வந்த 2021 டிசம்பர் 18ஆம் தேதியை கிள்ளான் பள்ளத்தாக்கில் யாரும் மறக்கப்போவதில்லை. ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலத்தில் தாமான் ஸ்ரீ மூடாவின் சில இடங்கள் கூரை மட்டத்துக்கு மூழ்கின. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் வாகனங்களின் பங்கு மட்டும் 100 கோடி என்றும் புள்ளிவிவரத் துறை 2022 ஜனவரியில் கணக்குக் கொடுத்தது. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளத்துக்கென்று தனியாகச் சேர்க்கை வாங்கியிருந்தால்தான் பணம் வரும் என்பதைப் பலர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்கள். அப்படிக் கைவிடப்பட்டவர்கள் நம் பட்டறைகளுக்கு வந்தார்கள். நாம் அவர்களுக்கு என்ன சொன்னோம்?

பெரும்பாலும் "மாத்திடலாம்" என்றோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பது நமக்குத் தெரியும். இன்ஜினைப் பிரித்தால் லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும், அவன் ஒரு வாரம் இழுப்பான், லிஃப்டில் ஒரு வண்டி சும்மா நிற்கும், கேஸ்கெட் செட் தப்பாக வரும். ஹாஃப் கட் என்றால் காலையில் காப்பார் சாலைக்கு லாரியை அனுப்பி, மறுநாள் மாலை சாவியைக் கொடுத்துவிடலாம். இலாபமும் சுலபம், தகராறும் குறைவு.

ஹாஃப் கட் நமக்குச் செய்திருக்கும் உபகாரம் சாதாரணமானதல்ல, அதை மறுக்க முடியாது. ஜப்பானில் பயன்பாடு முடிந்த காரை முன்புறமாக அறுத்து, இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், ஈசியூ எல்லாம் ஒன்றாகக் கொள்கலனில் ஏற்றி அனுப்புகிறார்கள். முழுக் காராக வந்தால் இறக்குமதிக் கட்டுப்பாடு, பாதியாக வந்தால் உதிரிப் பொருள். கான்சில் ஓட்டியவர்கள் டைஹாட்சு மீராவின் பாதியை வாங்கிப் போட்டார்கள். 2005இல் வந்த முதல் மைவிக்கு டொயோட்டா பாசோ, டைஹாட்சு பூன் இரண்டின் பாதியும் பொருந்தியது, ஏனென்றால் மூன்றின் 1300 சிசி வகையிலும் இருந்தது அதே கே3-விஇ இன்ஜின். நம்மில் பாதிப் பேரின் பிள்ளைகள் படித்து முடித்ததே இந்த வியாபாரத்தில்தான்.

ஆனால் அந்த ஊற்று பழையபடி சுரக்கவில்லை. 2017இல் வந்த மைவியின் 1என்ஆர், 2என்ஆர் இன்ஜின்களுக்கு ஜப்பான் பாதியைத் தேடிப் போனால் கால் தேயும். கிடைப்பது பெரும்பாலும் இங்கேயே மோதி நொறுங்கிய காரிலிருந்து கழற்றியது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது, மோதிய பிறகு ஆயில் இல்லாமல் எத்தனை நிமிடம் சுற்றியது என்பதைக் கடைக்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வாரண்டி என்பது "பிரச்னைன்னா கொண்டா பாஸ்" என்ற வாய்ச்சொல்.

அதனால் கடையிலிருந்து ஏற்றுமுன் நான் பார்ப்பது இது. பாதியை அங்கேயே ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்வேன், வயரிங்கோடு இருந்தால் முடியும். பிளக்கைக் கழற்றி நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் எடுப்பேன். ஆயில் மூடியின் அடியில் பால்போல் படிந்திருக்கிறதா, தார்போல் கெட்டியாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பேன். பட்டறைக்கு வந்ததும் காருக்குள் இறக்குமுன் பின்பக்க கிராங்க் சீல், வாட்டர் பம்ப், பெல்ட் இன்ஜினானால் பெல்ட், எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். வெளியே இருக்கும்போது 20 நிமிட வேலை, உள்ளே போட்ட பிறகு ஒருநாள் வேலை. வாடிக்கையாளரிடம் ஹாஃப் கட்டின் விலை என்று சொல்லும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நாம் கடை விலையை மட்டும் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

காகித வேலையும் செலவுதான். இன்ஜின் எண் காரின் பதிவுப் பத்திரமான கிராண்டில் இருக்கிறது. வேறு பிளாக் ஏறினால் வேறு எண், அதைச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிய வேண்டும், சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோக வேண்டும், வாங்கிய ரசீதும் இறக்குமதியானால் சுங்கப் பத்திரமும் வேண்டும். தவணை முடியாத காரென்றால் வங்கியின் சம்மதமும் வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. விற்கும்போது எண் ஒத்துப்போகாமல் வாங்குகிறவர் ஓடிவிடுவார். அந்த இன்ஜின் திருட்டு வண்டியுடையது என்று தெரியவந்தால் போலீஸ் முதலில் தேடி வருவது நம் பட்டறைக்குத்தான். பழைய பிளாக்கையே வைத்து ஓவர்ஹால் செய்தால் எண் மாறாது, இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஓவர்ஹால் பக்கம் இருக்கும் இந்தச் சாதகத்தை நம் விலைப்புள்ளித் தாளில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அதற்காக எல்லாவற்றையும் பிரித்துக் கட்டு என்று சொல்ல வரவில்லை. முதலில் தண்ணீர்க் கோட்டைப் பாருங்கள். கதவின் உள்தகட்டிலும் சீட் பெல்ட்டின் துணியிலும் அது தெரியும், பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள். டாஷ்போர்டைத் தாண்டியிருந்தால் இன்ஜினைப் பற்றிப் பேசுவதே வீண். வயரிங்கின் ஒவ்வொரு இணைப்பிலும் பச்சை பூக்கும், ஏர்பேக்கை நம்ப முடியாது. ஆட்டோ கியர்பாக்ஸில் தண்ணீர் போயிருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகளின் பசை விட்டு உரியும். அந்தக் காரை உரிமையாளர் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாலும் பழைய இரும்புக்குப் போடச் சொல்வதுதான் நியாயம்.

கொதித்துப்போன இன்ஜின் வேறு ரகம். அங்கே தீர்ப்பு ஹெட்டில் இருக்கிறது. அலுமினிய ஹெட்டின் மேல் ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தால் கோணல் தெரிந்துவிடும், ஸ்கிம் செய்யலாம். ஆனால் அளவுக்கு மீறிச் சூடான அலுமினியம் மிருதுவாகிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதை எவ்வளவு அழகாக ஸ்கிம் செய்தாலும் போல்ட்டை இறுக்க இறுக்க அமுங்கும், புது கேஸ்கெட் மூன்றே மாதத்தில் ஊதும். கடினத்தன்மை பார்க்கும் கருவி நல்ல லேத் பட்டறைகளில் இருக்கிறது. கேட்டால் செய்து தருவார்கள், நாம் கேட்பதில்லை. மீளும் எல்லையைத் தாண்டி இழுபடும்படி இறுக்கும் வகை ஹெட் போல்ட்டை இரண்டாம் தடவை பயன்படுத்துவதும் இதே சோம்பேறித்தனத்தின் பிள்ளை.

ஓவர்ஹாலைக் கெடுப்பது பெரும்பாலும் போர். மேலே, நடுவில், கீழே என்று மூன்று மட்டங்களில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுக்க வேண்டும். போர் முட்டையாகிப் போயிருக்கும்போது புது ரிங் மட்டும் போட்டுக் கொடுத்தால் ஐந்தாறு மாதத்தில் புகையோடு திரும்பி வரும். அப்போது அந்த வாடிக்கையாளர் "ஓவர்ஹாலே வேஸ்ட்டு, ஹாஃப் கட்தான் நல்லது" என்று ஊரெல்லாம் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. 0.50 பிஸ்டன் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போர் அடியுங்கள். இப்போது வரும் சில இன்ஜின்களுக்குத் தயாரிப்பாளரே ஓவர்சைஸ் பிஸ்டன் வைப்பதில்லை. அங்கே ஸ்லீவ் அடிக்க வேண்டும், இல்லையேல் மாற்றுவதே சரி.

துறைமுகப் பக்கம் பிரைம் மூவர் பார்க்கிற நண்பர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். அவர்களுடைய பெரிய டீசல்களில் லைனர் ஈரமாக நிற்பது, உருவி எடுத்து வேறு போடுவதற்கென்றே படைத்தது. இன்ஜினை சேசிஸிலிருந்து இறக்காமலே கட்டிவிடுவார்கள். லாரி நிற்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு நஷ்டம் என்பதால், அங்கே கணக்கு எப்போதும் கணக்காகவே போடப்பட்டது. ரெனோ நிறுவனம் பாரிஸுக்கு அருகில் ஷுவாசி-லெ-ருவாவில் 1949லேயே பழைய இன்ஜின்களைப் பிரித்து, அளந்து, மீண்டும் கட்டி விற்கும் ஆலையைத் தொடங்கியது. அளப்பதையே தொழிலாக்கியவர்கள் அவர்கள்.

நம்மிடமும் அந்தப் பழக்கம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்து செந்தூல் ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போன நம் தாத்தாமார் பையில் மைக்ரோமீட்டர் வைத்திருந்தவர்கள். அவர்களிடம் தொழில் கற்றவர்கள்தான் பிறகு கார்ப் பட்டறை வைத்தார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அப்படி ஒருவர். ஷெல் பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு "எவ்வளவுடா கிளியரன்ஸ்?" என்பார். "சரியா இருக்கும் மாமா" என்று சொன்னால் ஸ்பேனர் பறந்து வரும். இன்றைக்கு நம் பட்டறைகளில் ஸ்கேனர் இருக்கிறது, போர் கேஜ் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஸ்கேனர் வளைந்த ராடைக் காட்டாது. மிஸ்ஃபயர் என்று மட்டும் சொல்லும்.

ஆகவே இந்த இதழின் வாசகர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். சோதனைக்குக் காசு வாங்குங்கள். கூச்சப்படாமல் வாங்குங்கள், தொகையை முன்கூட்டியே சொல்லி வாங்குங்கள். இலவசமாகப் பார்த்துக் கொடுக்கும் பட்டறைக்கு அளப்பதற்கு நேரம் கிடையாது, அதனால் விற்பதற்குக் கையில் என்ன இருக்கிறதோ அதுதான் தீர்ப்பாகிறது. நான்கு கம்ப்ரெஷன் எண், நான்கு லீக்-டவுன் எண், வெள்ள வண்டியானால் நான்கு பிஸ்டன் ஆழம், தண்ணீர்க் கோட்டின் உயரம். அரைத் தாளில் அடங்கிவிடும். அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகலாம், போகட்டும். நம் எண்களை அங்கேயும் ஒருவர் படிப்பார்.

ஸ்ரீ மூடாக்காரர் காருக்கு நாங்கள் சம்ப் கழற்றி ஹெட்டைத் தூக்கினோம். தண்ணீர்க் கோடு அதில் சீட்டின் அடியோடு நின்றிருந்தது, வயரிங் தப்பியிருந்தது. மூன்றாவது பிஸ்டனின் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது, போர் இன்னும் அளவுக்குள் இருந்தது, கிராங்க் சுத்தம். எடை ஒத்த ராடு ஒன்று, நான்கு பிஸ்டனுக்கும் ரிங், ஷெல் செட், கேஸ்கெட், புது ஹெட் போல்ட். முதல் கடை சொன்ன ஹாஃப் கட் விலையில் பாதிக்குச் சற்று மேலே வந்தது. ஆறு நாள் பிடித்தது, அந்த ஆறு நாள் வருமானம் போனதை அவர் இரண்டு தடவை எனக்கு நினைவூட்டினார். அவர் சொன்னதும் கணக்கில் சேர வேண்டியதுதான், நான் அதை முதல் நாள் சேர்த்துச் சொல்லவில்லை.

வளைந்த ராடு என் மேசையில் கிடக்கிறது. பயிற்சிக்கு வரும் பையன்களிடம் ஒரு நல்ல ராடையும் சேர்த்துக் கொடுத்து எது வளைந்தது என்று கேட்பேன். கண்ணால் பார்த்துப் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்கிறார்கள்.