பிணத்திடமும் ஞானஸ்நானக் கணக்குக் கேட்பீர்களா?

கம்மலுக்காகவும் ஞானஸ்நானத் தண்ணீரின் அளவுக்காகவும் தமிழ்நாட்டுத் திருச்சபைகள் தங்களுக்குள் நடத்திவரும் சண்டை எல்லை மீறிவிட்டது. இரு தரப்பும் தங்கள் வைராக்கியத்துக்கு 'சத்தியம்' என்று பெயர் வைத்திருக்கின்றன. நாம் அதை இறுமாப்பு என்கிறோம்.

தென்மாவட்டங்களில் பலர் வீட்டில் நடந்த கதைதான் இது. வயதான தாய் ஒருவர் இறந்துபோகிறார். ஊர்க் கோயிலில் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, அங்கேயே திடப்படுத்தல் எடுத்து, அங்கேயே தாலி கட்டிக்கொண்டவர். கடைசிச் சில ஆண்டுகள் மகனோடு பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்வந்தார். உடல் ஐஸ் பெட்டியில் இருக்க, வாசலில் பேரம் நடக்கிறது. ஊர்க் கோயிலின் சேகரக் கமிட்டிக்காரர் சந்தா நோட்டைப் புரட்டி, “பேரைத்தான் அடிச்சாச்சே, நம்ம கல்லறைத் தோட்டத்துல எப்படி இடம் கொடுக்க?” என்கிறார். மகனின் பாஸ்டரோ, ஊர்க் கோயில் ஐயர் அங்கி போட்டுவந்து புத்தகத்தைப் பார்த்து ஜெபித்தால் தாம் அந்தப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். மகள் கம்மல் போட்டிருக்கிறாள்; அதனால் நகை கூடாதென்னும் மகனின் சபையார் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. செத்தவருக்காக அழ வேண்டிய வீட்டில் உயிரோடிருப்பவர்கள் ஒருவரையொருவர் நரகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஞானஸ்நானம் சின்ன விஷயமா என்று சிலர் பாய்ந்து வருவார்கள். சின்ன விஷயமென்று நாம் சொல்லவில்லை. விசுவாசித்த பிறகே முழுக்கு என்பவர் வேதத்தை வாசித்துத்தான் அப்படி நம்புகிறார். குழந்தைக்கும் உடன்படிக்கையில் பங்குண்டு என்பவரும் அதே வேதத்தைத்தான் வாசிக்கிறார். இந்தக் கருத்து வேறுபாட்டோடு ஒரே சபையில் இருக்க முடியாது என்பதுதான் பொய். 1970 நவம்பர் 29 அன்று நாக்பூரில் உருவான வட இந்தியத் திருச்சபையில், குழந்தை ஞானஸ்நானம் கொடுத்தவர்களும் விசுவாசித்த பிறகே முழுக்கு என்ற பாப்டிஸ்டுகளும் சேர்ந்தார்கள். இரண்டு முறைகளையும் ஏற்றுக்கொண்டு ஒரே திருச்சபையானார்கள். வானம் இடிந்து விழவில்லை.

நம் மண்ணிலேயே அதைவிடக் கடினமான முடிச்சு அவிழ்க்கப்பட்டிருக்கிறது. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் சபையாரும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் கூடினார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா அதில் முன்னின்றவர். பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத குருவானவர் குருவானவர்தானா என்பதே அவர்கள் முன் நின்ற கேள்வி. கம்மல் விவகாரத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே கூச்சமாக இருக்கிறது. பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் இழுத்தது. 1945 ஜனவரி 1 அன்று அசரியா கண்மூடினார், பலனைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஏற்கெனவே ஊழியத்தில் இருந்த யாருக்கும் மறுபடி அபிஷேகம் தேவையில்லை என்றார்கள். எந்தச் சபையின் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத ஆராதனை முறையை அதன்மேல் திணிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார்கள். அப்படிப் பிறந்த திருச்சபையின் சேகரக் கமிட்டிகள் இன்று சந்தா பாக்கியைக் காட்டிக் கல்லறைக் கதவைச் சாத்துவது அந்த வாக்கின் முகத்தில் கரி பூசும் வேலை.

இந்த வழி புதிதுமல்ல. பவுலின் காலத்தில் ரோமாபுரிச் சபையில் ஒருவர் இறைச்சி சாப்பிட்டார். இன்னொருவர் காய்கறியோடு நிறுத்திக்கொண்டார். ஒருவர் ஒரு நாளை விசேஷமாக எண்ணினார், மற்றவருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். பவுலுக்கு இதில் சொந்தக் கருத்து இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் சாப்பிடுகிறவன் மற்றவனை அற்பமாக எண்ணக்கூடாது, சாப்பிடாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது என்பதே அவர் தீர்ப்பு. அதே பவுல் அந்தியோகியாவில் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யெருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டார். இலையில் என்ன விழுகிறது என்பதில் விட்டுக்கொடுத்த பவுல், பந்தியைப் பிரித்தவரை மட்டும் விடவில்லை.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வடக்கன்குளம் கோயிலைச் சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு சிறகு வைத்துக் கட்டினோம். நடுச் சுவரை இடிக்க 1910-இல் கௌசானல் பாதிரியார் துணிய வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர் எழுப்பினோம். மூக்குத்தி போட்டவளுக்கு இராப்போஜனம் மறுக்கிற ஊழியர், சொந்தச் சாதியில் “ரட்சிக்கப்பட்ட மணமகன்” தேடும் விளம்பரத்தைப் பார்த்து எப்போதாவது முகம் சுளித்திருக்கிறாரா? பாரம்பரியச் சபைகளுக்கும் இதில் வாய் பேச யோக்கியதை இல்லை. கைதட்டிப் பாடுகிறவனை 'அல்லேலூயா கூட்டம்' என்று எள்ளிவிட்டு, டயோசீசன் தேர்தல் வந்தால் சாதிவாரியாக ஓட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் இவர்கள்.

சேகரக் கமிட்டிகளே, அடக்கத்துக்கு இடம் கேட்டு வருபவரிடம் சந்தா ரசீது கேட்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். வாய்மொழி உறுதி போதாது. கமிட்டியில் தீர்மானம் போட்டு மினிட்ஸில் எழுதுங்கள். பேராயர்களும் ஆயர்களும் இதைச் சுற்றறிக்கையாக அனுப்பட்டும். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை ஒற்றுமை வாரம் என்று மேடையில் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்களே, இந்த வேலை முடியும்வரை அந்தப் படம் வேண்டாம்.

பாஸ்டர்களே, நகை வேண்டாமென்பது உங்கள் சபையின் ஒழுங்கானால் உங்கள் சபையோடு அதை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோயிலாரைப் பிரசங்க பீடத்திலிருந்து 'பெயர்க் கிறிஸ்தவர்கள்' என்று ஏசுவது இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடியட்டும். தாயின் அடக்க ஆராதனையில் நிற்கக்கூடாதென்று மகனைத் தடுக்க உங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. மாதச் செய்தி மடலில் 'இத்தனை ஆத்துமாக்கள் ஆதாயம்' என்று எண்ணிக்கை போடுகிறீர்கள். அதில் அடுத்த தெருக் கோயிலில் முப்பது ஆண்டுகளாகப் பாடற்குழுவில் பாடிவந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். காணிக்கை அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.