குமரிக்கண்டத்துக்கு ஒரு ரோடு மேப்

கற்பனை நாட்டுக்கு மேப் என்றாலே பழுப்புக் காகிதம், மலை, ஆறு! நான் பார்த்த குமரிக்கண்டப் படங்களும் அப்படித்தான். மல்லாங்கிணறில் பஸ் ஏறுகிறவனுக்கு மேப் என்றால் ரோடும் கிலோமீட்டரும்தான். அப்படி வரையுங்களேன் மக்களே.

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார், பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம், 49 நாடு என்கிறார். காவதத்துக்குப் பத்து மைல் வைத்தால் 7000 மைல், அதாவது 11,000 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து தென் துருவமே அவ்வளவு தூரம் இல்லை! நான் காமர்ஸ் மாணவன், எனக்கு இது டேலி ஆகவில்லை. ரோடு போட்டால் தூரம் எழுதணும், எழுதினால் குட்டு உடையும்.

உரையாசிரியர் மேல் கோபமில்லை. படம் போட்டு வரலாறு என்று விற்கிறவர்கள் மேல்தான். கதை என்று ஒப்புக்கொள்ளுங்கள், 49 நாட்டுக்கும் பஸ் ரூட், பைபாஸ், டோல்கேட் எல்லாம் நானே போட்டுத் தருகிறேன் :-)