குதிரைக்கு 40 சதவீத வரி, மூணு நம்பருக்கு பூஜ்யம்: சூதாட்டப் பணத்தின் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

சேலத்திலும் நாமக்கல்லிலும் ரேஸ் கோர்ஸ் கிடையாது. தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயம் என்றாலே கிண்டி, ஊட்டி என இரண்டு மைதானங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ‘மூணு நம்பர் லாட்டரி விற்றவர்கள் கைது’ என்ற செய்தி இந்த இரண்டு மாவட்டங்களிலும் அடிக்கடி வருகிறது.

குதிரை மேல் 100 ரூபாய் கட்டினால், அதற்கு 40 ரூபாய் ஜிஎஸ்டி. மூணு நம்பரில் அதே 100 ரூபாயைக் கட்டினால் அரசுக்கு ஒரு பைசா வராது, போலீஸ் கேஸ் மட்டும்தான் வரும். ஏன் இந்த வித்தியாசம்? வரி வாங்கும் இடத்திலாவது அரசு சரியாகக் கணக்குப் பார்க்கிறதா?

டோட் இயந்திரம் எப்படி வேலை செய்கிறது?

ரேஸ் கோர்ஸில் பணம் கட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உரிமம் பெற்ற புக்கி. இன்னொன்று, ‘டோட்’ எனப்படும் டோட்டலிசேட்டர். முழுத் தானியங்கி டோட் இயந்திரம் 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து மைதானத்தில் முதன்முதலாக வேலைக்கு வந்தது. இன்று அந்த வேலையை கம்ப்யூட்டர் செய்கிறது.

ஏலச்சீட்டு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். எல்லோரும் கட்டும் பணம் ஒரே இடத்தில் சேரும், நடத்துபவர் கமிஷன் எடுத்துக்கொள்வார், மீதி உறுப்பினர்களுக்குப் போகும். டோட்டிலும் இதே கதைதான். ஒரு பந்தயத்தில் மொத்தம் 1 லட்சம் ரூபாய் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு கமிஷன் 10 சதவீதம் என்றால், மீதி 90,000 ரூபாய். ஜெயித்த குதிரை மேல் மட்டும் 30,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் 3 ரூபாய் கிடைக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பது ஒவ்வொரு டிக்கெட்டாக இயந்திரத்தில் பதிவாகிறது. எந்தக் குதிரை ஜெயித்தாலும் நடத்துபவரின் கமிஷன் மாறாது. அதனால் மேற்பார்வை செய்ய எளிதான சூதாட்டம் இது.

குதிரைக்கு மட்டும் சட்டம் வழிவிட்டது ஏன்?

‘பந்தயமும் சூதாட்டமும்’ அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் 34-வது இனம். அதாவது, சட்டம் போடும் அதிகாரம் மாநிலத்துக்கு. 1930-ம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் பந்தயம் கட்டுவதைக் குற்றம் என்கிறது. ஆனால் குதிரைப் பந்தயத்துக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு: பந்தயம் ஓடும் அதே நாளில், மைதானத்துக்குள், அரசு அனுமதியோடு ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் பணம் கட்டலாம். அந்த வேலிக்கு வெளியே, சேலத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஆள் மூலம் அதே குதிரை மேல் பணம் கட்டினால் இந்த விலக்கு பொருந்தாது.

இந்த வழியையும் அடைக்கத் தமிழ்நாடு முயன்றது. 1974-ல் குதிரைப் பந்தய ஒழிப்புச் சட்டம் வந்தது, வழக்கில் சிக்கியது. 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. ஒரு சட்டம் பந்தயத்தை ஒழிக்கச் சொல்கிறது, இன்னொன்று பந்தயம் நடத்தும் கிளப்பை அரசு கையில் கொடுக்கிறது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெருமளவு திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. 1986 சட்டத்தையும் ரத்து செய்தது.

40 சதவீதம், எதன் மேல்?

2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது குதிரைப் பந்தயத்துக்கு 28 சதவீதம். சண்டை விகிதத்தைப் பற்றி மட்டும் இல்லை, அதை எதன் மேல் போடுவது என்பதிலும்தான். கிளப்பின் கமிஷன் மேலா, கட்டிய முழுப் பணத்தின் மேலா?

ஏலச்சீட்டில் நடத்துபவரின் கமிஷனுக்குத்தான் ஜிஎஸ்டி, மொத்தச் சீட்டுப் பணத்துக்கு இல்லை. பந்தயத்துக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் முழுப் பணத்துக்கும் வரி என்று முடிவெடுத்தது. அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் அமலானது. 2025 செப்டம்பர் 22 முதல் விகிதமும் 40 சதவீதமாக உயர்ந்தது. இதில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு.

மேலே பார்த்த 1 லட்சம் ரூபாய் உதாரணத்தில், கமிஷனுக்கு மட்டும் வரி என்றால் 4,000 ரூபாய். முழுப் பணத்துக்கும் என்றால் 40,000 ரூபாய். பந்தயம் நடத்துபவருக்குக் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு அரசுக்குப் போகிறது. இதற்கு மேல், ஜெயித்த தொகை 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீத வருமான வரிப் பிடித்தமும் உண்டு.

வரி அதிகமானால் கண்காணிப்பும் அதிகமாகுமா?

அவசியம் இல்லை. சில நேரம் நேர்மாறாகவும் ஆகலாம். கவுன்ட்டரில் 100 ரூபாய் பந்தயத்துக்கு 140 ரூபாய் கொடுக்க வேண்டும். மைதானத்துக்கு வெளியே ரகசியமாகப் பணம் வாங்குபவரிடம் 100 ரூபாய் கொடுத்தால் போதும். ரசீதும் இல்லை, பிடித்தமும் இல்லை. வரி ஏற ஏற, கணக்கில் வராத ஆளுக்குத்தான் வியாபாரம் கூடும் என்ற அபாயம் இருக்கிறது.

2024 ஜனவரியில் பெங்களூரு ரேஸ் கோர்ஸில் புக்கிகளின் கடைகளில் போலீசார் சோதனை நடத்தினார்கள். பந்தயப் பணத்துக்கு ஜிஎஸ்டி கட்டாமல் ஏய்ப்பதாகப் புகார். அனுமதி பெற்ற மைதானத்துக்குள்ளேயே இப்படிப் புகார் எழுகிறது என்றால், விகிதத்தை உயர்த்துவது மட்டும் மேற்பார்வை ஆகிவிடாது. தினசரி கணக்கு ஒத்துப்போகிறதா என்று ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

வாடகையைக்கூட வாங்காத அரசு

வரியை விடுங்கள், தன் சொந்த நிலத்தின் வாடகை விஷயத்திலேயே அரசின் கவனம் எப்படி இருந்தது என்று பாருங்கள். கிண்டியில் 160 ஏக்கருக்கு மேல் அரசு நிலம், மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டு குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 காசு. மாதத்துக்குப் பார்த்தால் 52 ரூபாய்கூட வராது. வாடகையைத் திருத்தி, 1970 முதல் 2004 வரையிலான பாக்கியாக 730.86 கோடி ரூபாயை அரசு கேட்டது. அதைக் கட்டச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் உத்தரவிட்டது.

2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலம் சுமார் 52 ஏக்கரை அரசு மீட்டது. அங்கே சொல்லப்பட்ட பாக்கி 822 கோடி ரூபாய். அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டி குத்தகையும் ரத்தானது. வழக்குகள் அதன் பிறகும் தொடர்ந்தன. கிளப் தரப்பின் வாதம் சரியா, அரசின் கணக்கு சரியா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் பாக்கி இத்தனை கோடியாக வளரும்வரை பல ஆண்டுகள் ஓடிவிட்டன என்பது இரு தரப்பு எண்களிலும் தெரிகிற விஷயம்.

கனடா சொல்லும் பாடம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1998-ல் ரேஸ் கோர்ஸ்களுக்குள்ளேயே ஸ்லாட் இயந்திரங்களை வைத்தது. நடத்தியது அரசு நிறுவனம். வருமானத்தில் 20 சதவீதம் மைதானங்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் பங்கு. இந்தப் பங்கு ஆண்டுக்குச் சுமார் 34.5 கோடி கனடா டாலர் வரை வளர்ந்தது. அந்தப் பணத்தால் பொதுமக்களுக்கு என்ன பயன், யார் பதில் சொல்வது என்ற கேள்விகள் எழுந்தன. 2012-ல் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்த அரசு, 2013 மார்ச்சோடு முடித்தும்விட்டது. குதிரை வளர்ப்பை நம்பியிருந்த குடும்பங்கள் தடுமாறிப் போயின.

ஒவ்வொரு ரூபாயையும் இயந்திரம் எண்ணிய இடத்திலேயே இந்த நிலை. எண்ணுவது இயந்திரத்தின் வேலை. எண்ணியதை மக்களுக்குச் சொல்வதும், அதற்குப் பதில் சொல்வதும் அரசின் வேலை.

சேலம், நாமக்கல்லுக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதன் பிறகு கேரள லாட்டரியின் கடைசி மூன்று எண்களை வைத்து இங்கே ஒரு நிழல் ஆட்டம் நடக்கிறது. அச்சடித்த டிக்கெட் இல்லை. துண்டுச் சீட்டு, அல்லது வாட்ஸ்அப்பில் ஒரு எண். கட்டுபவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள்.

மூன்று இலக்கம் என்றால் 1,000 எண்கள். 1,000 பேர் ஆளுக்கொரு எண்ணில் 50 ரூபாய் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். சேர்வது 50,000 ரூபாய். ஜெயித்தவருக்கு 25,000 ரூபாய் கொடுத்தாலும், பாதிப் பணம் நடத்துபவர் பாக்கெட்டில். டோட் போல யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பணம் தராமல் ஏமாற்றினால் புகார் கொடுக்கவும் முடியாது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அதன் பின்னணியில் பேசப்பட்டது இந்த மூணு நம்பர் கடன்தான்.

அதற்காகத் தடையை எடுத்துவிட்டு வரி போடலாம் என்று சொல்வதற்கில்லை. தடையைக் கொண்டுவந்ததோடு வேலை முடிந்துவிடாது என்பதுதான் விஷயம். ஆன்லைன் விளையாட்டில் தமிழ்நாடு வேறு வழியையும் முயன்று பார்த்தது. 2022-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு ஆதார் சரிபார்ப்பும், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடையும் கொண்டுவந்தது. 2025 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. யார் ஆடுகிறார், எப்போது ஆடுகிறார் என்று பார்ப்பதுதான் கண்காணிப்பு. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

இனி கேட்க வேண்டியது

‘வரி எத்தனை சதவீதம்?’ என்ற கேள்வி மட்டும் போதாது. குதிரைப் பந்தயத்தில் இருந்து ஆண்டுக்கு எவ்வளவு வந்தது என்பதைத் தனியாக, எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். டோட் கணக்கும் புக்கி கணக்கும் வரிக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்பதை கிளப்போடு தொடர்பில்லாத ஒருவர் தணிக்கை செய்ய வேண்டும். வரும் பணத்தில் ஒரு பங்கு, சூதாட்டப் பழக்கத்தில் இருந்து மீள்வோருக்கான சிகிச்சைக்குப் போக வேண்டும். அந்த சிகிச்சை, ரேஸ் கோர்ஸே இல்லாத சேலம், நாமக்கல் அரசு மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும்.

மூணு நம்பர் விஷயத்திலும் இதே அளவுகோல்தான். எத்தனை பேர் கைது என்ற எண்ணிக்கை தெருவில் சீட்டு எழுதிக் கொடுத்தவரோடு நின்றுவிடுகிறது. பணம் மேலே யாரிடம் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கு எப்போது வருகிறதோ, அன்றைக்குத்தான் கண்காணிப்பு தொடங்கியது என்று சொல்ல முடியும்.