சுருள் பந்தல் வாங்கினோம்

சென்ற சித்திரையில் நம் வீட்டு வாசலுக்கு ஒரு பந்தல் வந்து சேர்ந்தது. கம்பும் கீற்றும் கயிறும் கொண்டு கட்டிய பந்தல் அல்ல. சுவரோடு பொருத்திய ஓர் உருளை; அதில் சுற்றிய கித்தான் துணி; அத்துணியை முன்னே ஏந்திச் செல்ல, முழங்கையைப் போல் மடங்கி நீளும் இரண்டு கைகள். இவ்வளவுதான் அதன் ஸ்தூல சரீரம். கைப்பிடியை ஒரு பக்கம் சுழற்றினால் நிழல் விரியும். மறு பக்கம் சுழற்றினால் ஆமைத் தலையைப் போல் உள்ளே அடங்கிவிடும். கடைக்காரர் இதற்கு நீண்டதோர் ஆங்கிலப் பெயர் சொன்னார். நாம் அதைச் சுருள் பந்தல் என்று அழைத்து வருகிறோம்.

நம் வீடு மேற்குப் பார்த்தது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் சூரிய பகவான் திண்ணையைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு விடுவார். அந்தத் திண்ணையில்தான் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர் மாலை வேளையில் நம்மிடம் கணக்குப் படிக்கிறார்கள். அவர்கள் பொருட்டே பந்தல் வந்தது. வந்த நாளில், இனி ஒரு கவலையும் இல்லை என்று நாம் எண்ணினோம். கவலைகள் அன்றுதான் ஆரம்பமாயின என்பது பின்னால் விளங்கிற்று.

ஐப்பசியில் ஒரு நாள், மழையில் நனைந்த துணியை அப்படியே சுருட்டிவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டோம். பத்து நாள் கழித்து வந்து விரித்தால், துணியெங்கும் கரும்புள்ளிகள். திறந்தவுடன் பூஞ்சை நாற்றம். இத்துணி அக்ரிலிக் நூலால் நெய்தது. பூஞ்சை அந்த நூலைத் தின்பதில்லை. துணிமேல் படிந்த தூசியும் சருகும் காக்கை எச்சமுமே அதற்கு ஆகாரம், ஈரம் பானம். இவ்விரண்டையும் இருட்டில் சுருட்டி வைத்து விருந்து நடத்தியவர்கள் நாமேதான்.

ஆகையால் விதி இது: வாரம் ஒரு முறை மெல்லிய தூரிகையால் உலர்ந்த தூசியைத் தட்டிவிட வேண்டும். அழுக்கு ஏறினால் மென்மையான சோப்பைத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, சோப்பு சிறிதும் தங்காமல் அலசி, விரித்த நிலையிலேயே நன்கு உலரவிட வேண்டும். சலவைத் தூளும், விசையோடு நீர் பீய்ச்சும் இயந்திரமும் கூடா. துணிமேல் பூசியுள்ள நீரொட்டாப் பூச்சு போய்விடும். ஈரத்தோடு சுருட்ட நேர்ந்தால், அடுத்த வெயிலிலேயே விரித்துக் காய வைக்க வேண்டும்.

நிற்க. இது வெயிலுக்கென்று ஏற்பட்ட பந்தல். தூறல் தாங்கும், பெருமழை தாங்காது. முன்புறம் மீட்டருக்கு 25 சென்டிமீட்டராவது தாழ்ந்திருந்தால்தான் தண்ணீர் வழிந்தோடும். இல்லையேல் துணி நடுவே குளம் கட்டும். இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள இடத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால் அதன் எடை என்ன என்று பிள்ளைகளைக் கேட்டோம். நூறு கிலோ என்று விடை வந்தது. சொன்ன பிள்ளை உடனே தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தான்.

அவன் பார்த்தது வீண்போகவில்லை. கார்த்திகையில் ஓர் இரவு காற்று எழுந்தது. “பந்தலைச் சுருட்டி விடுங்கள்” என்று வீட்டு அம்மாள் இரண்டு தரம் சொன்னாள். “சிறு காற்றுதானே” என்று சொல்லிவிட்டு நாம் போர்வைக்குள் புகுந்தோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்று வகுப்பில் போதிப்பவர்களும் நாமே! 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்ததைக் கண்ணால் கண்ட பின்பும் நமக்குப் புத்தி வரவில்லை.

காலையில் பார்த்தால் பந்தல் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சுவரில் இறுக்கிய போல்ட் விரற்கடை அளவு வெளியே வந்திருந்தது. அதற்கு நேர் கீழேதான், எல்லோரிலும் சிறியவளான மூன்றாம் வகுப்புப் பெண் தினமும் உட்காருவாள். நமக்குக் கை நடுங்கிவிட்டது.

நடுங்கிய கையோடு ஸ்பேனரை எடுத்துக் கையின் மூட்டைக் கழற்றப் போனோம். அதற்குள் பழுது பார்ப்பவர் வந்துவிட்டார். “வாத்தியார் சார், அதைத் தொடாதீங்க! உள்ளே ஸ்பிரிங் முறுக்கா இருக்கு. கழட்டினா கை பாஞ்சு வந்து முகத்திலே அடிக்கும்” என்றார். துணியைக் கழுவுவதும், மூட்டுகளில் சிறிது சிலிகான் தெளிப்பதும், போல்ட் அசைகிறதா என்று பார்ப்பதும் வீட்டுக்காரர் வேலை. எண்ணெய் தடவினால் தூசி ஒட்டும், வேண்டாம். முறுக்கேறிய கையைப் பிரிப்பது தொழில் தெரிந்தவர் வேலை என்று அவர் வரம்பு கட்டிக் கொடுத்தார். பூச்சும் செங்கலும் பற்றியிருந்த போல்ட்டைக் கான்கிரீட் உத்தரத்துக்கு மாற்றி இறுக்கினார்.

காற்றை உணர்ந்து தானே சுருண்டுகொள்ளும் மோட்டார்ப் பந்தல்களும் உண்டு. ஆனால் நம் ஊரில் புயற்காற்றும் மின்வெட்டும் கைகோத்துக்கொண்டு வருவன. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியின் கொலோசியத்தில் பார்வையாளருக்கு நிழல் தரக் கித்தான் விரித்தபோது, அதைக் கையாளக் கடற்படை மாலுமிகளையே அமர்த்தினார்களாம். காற்றின் குணம் அறிந்தவர்களிடம் அவ்வேலையை ஒப்படைத்தது சரிதான்.

நம் வீட்டில் மாலுமி இல்லை. ஆகையால் கரும்பலகையின் ஓரத்தில் தினம் ஒரு பிள்ளையின் பெயர் எழுதப்படுகிறது. பாடம் முடிந்ததும் அந்தப் பிள்ளை முன்னின்று பார்க்க, நாம் பந்தலைச் சுருட்ட வேண்டும். நாம் மறந்தால் மறுநாள் வீட்டுக் கணக்கு கிடையாது. இதுவரை ஒருவரும் நம்மை மறக்க விடவில்லை. பந்தல் வைத்திருக்கும் நேயர்கள் இன்று மாலையே சுவர்ப் போல்ட்டுகளை ஒரு தரம் அசைத்துப் பார்ப்பார்களாக.