பரணில் கிடந்த 'போலி' ஓவியம்.. 105 வருஷம் கழித்து வான் கோ ஒரிஜினல்! ஓவியத்துக்கு விலை வைப்பது எது?

நார்வே தொழிலதிபர் கிறிஸ்டியன் முஸ்டாட், தூண்டில் முள் தயாரிப்புக்குப் பேர்போன குடும்பத்தைச் சேர்ந்தவர். 1908-ல் வின்சென்ட் வான் கோ வரைந்தது என்று நம்பி ஒரு இயற்கைக் காட்சி ஓவியத்தை வாங்கினார். வீட்டுக்கு வந்த ஒருவர் "இது போலி" என்று சொல்லிவிட, மனசு விட்டுப்போய் அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார் என்பது அவரது குடும்பத்தில் சொல்லப்படும் கதை. 1970-ல் அவர் இறக்கும் வரை அந்த ஓவியம் அங்கேயே கிடந்தது.

2013 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான் கோ மியூசியம் அதே ஓவியத்தை உலகுக்குக் காட்டி, 'இது வான் கோ வரைந்ததுதான்' என்று அறிவித்தது. 'மோன்மஜூரில் சூரிய அஸ்தமனம்' என்பது அதன் பெயர். இடைப்பட்ட காலத்தில் ஓவியத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. அப்படியானால் மாறியது என்ன? ஓவியச் சந்தையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். வாங்க, விரிவா பார்க்கலாம்.

போஸ்ட்-இம்ப்ரெஷனிசம்னா என்ன?

1870-களில் பிரான்ஸில் மோனே போன்றவர்கள் இம்ப்ரெஷனிச ஓவியங்களை வரைந்தார்கள். வெளியில் உட்கார்ந்து, அந்த நேரத்து வெளிச்சம் கண்ணில் எப்படி விழுகிறதோ அப்படியே பதிவு செய்வது அவர்கள் வழி. அடுத்து வந்த செசான், கோகன், சூரா, வான் கோ ஆகியோருக்கு அது மட்டும் போதவில்லை. கண் பார்த்ததோடு மனசு உணர்ந்ததும் ஓவியத்தில் இருக்கணும் என்று நினைத்தார்கள். அதனால்தான் வான் கோவின் வானம் சில சமயம் முழு மஞ்சளாக இருக்கும், சைப்ரஸ் மரங்கள் தீ மாதிரி நெளியும்.

ஆயில் பெயின்ட் மெதுவாகத்தான் காயும். அதைக் குழைத்து, தடிமனாக அப்பி, பிரஷ் போன தடம் அப்படியே தெரியும்படி வான் கோ வரைந்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பெயின்ட் மேடு பள்ளமாகத் தெரியும்.

'போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட்' என்ற பெயரே பிறகு வந்ததுதான். 1910-ல் லண்டனில் ஒரு கண்காட்சிக்காக ரோஜர் ஃப்ரை வைத்த பெயர் அது. அப்போது மேலே சொன்ன நான்கு பேரில் ஒருவர்கூட உயிரோடு இல்லை.

எவ்வளவு விலை போகுது?

2022 நவம்பரில், மைக்ரோசாஃப்ட் இணை நிறுவனர் பால் ஆலனின் சேகரிப்பை கிறிஸ்டீஸ் நிறுவனம் நியூயார்க்கில் ஏலம் விட்டது. அதில்:

• செசான் வரைந்த 'செயின்ட் விக்டோயர் மலை' - 13.78 கோடி டாலர் (அன்றைய மதிப்பில் 1,100 கோடி ரூபாய்க்கும் மேல்)

• வான் கோ வரைந்த 'சைப்ரஸ் மரங்களுடன் பழத்தோட்டம்' - 11.72 கோடி டாலர் (சுமார் 950 கோடி ரூபாய்)

இதே வான் கோவின் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 1890-ல் வெறும் 400 பிராங்குக்குத்தான் விற்றது. அந்த வருஷமே அவர் இறந்துவிட்டார்.

இந்த விலைக்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. வான் கோ ஓவியராக இருந்தது சுமார் 10 ஆண்டுகள்தான். அவருடைய முக்கியமான ஓவியங்களில் பெரும்பாலானவை இன்று மியூசியங்களில் இருக்கின்றன, விற்பனைக்கு வரவே வராது. சந்தைக்கு எப்போதாவது ஒன்று வந்தால், உலகக் கோடீஸ்வரர்கள் போட்டி போடுகிறார்கள். அங்கே முதல் கேள்வி, 'இது அவர் வரைந்ததுதானா, ஆதாரம் எங்கே?' என்பதுதான்.

பரணில் இருந்தது எப்படி ஒரிஜினல் ஆனது?

1991-லேயே இந்த ஓவியம் வான் கோ மியூசியத்துக்கு வந்தது. கையெழுத்து இல்லை என்பதை முக்கியக் காரணமாகச் சொல்லி, மியூசியம் அதை நிராகரித்துவிட்டது. 2011-ல் மறுபடியும் ஆய்வு தொடங்கியது. இரண்டு வருஷ ஆய்வில் கிடைத்தவை இவை:

• கடிதம்: 1888 ஜூலை 5 அன்று தம்பி தியோவுக்கு வான் கோ எழுதிய கடிதத்தில், முந்தைய நாள் மாலை பார்த்த காட்சியை விவரிக்கிறார். கல் நிறைந்த தரிசு, முறுக்கிய சிறிய ஓக் மரங்கள், பின்னால் குன்றின் மேல் ஒரு இடிபாடு, பள்ளத்தில் கோதுமை வயல் என எல்லாமே ஓவியத்தோடு ஒத்துப்போனது.

• எண்: ஓவியத்தின் பின்பக்கம் '180' என்று எழுதியிருந்தது. தியோவிடம் இருந்த ஓவியங்களுக்கு 1890-ல் எடுத்த பட்டியலிலும் இதே எண் இருந்தது.

• கித்தானும் பெயின்ட்டும்: அதே கோடையில் அவர் வரைந்த 'பாறைகள்' என்ற ஓவியத்தின் கித்தான் வகையோடு இது பொருந்தியது. நிறமிகளும் ஆர்ல் ஊரில் அவர் பயன்படுத்தியவையே.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த ஓவியம் தான் நினைத்த அளவுக்கு வரவில்லை என்று வான் கோவே அந்தக் கடிதத்தில் குறைபட்டிருக்கிறார்.

நிபுணர்கள் ஏமாந்ததே இல்லையா?

ஏமாந்திருக்கிறார்கள். 1920-களில் பெர்லினில் ஓட்டோ வாக்கர் என்ற வியாபாரி சுமார் 30 வான் கோ ஓவியங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டால், பெயர் சொல்ல விரும்பாத ஒரு ரஷ்யர் கொடுத்ததாகச் சொன்னார். 1928-ல் டி லா ஃபாய் வெளியிட்ட வான் கோ ஓவியங்களின் முழுப் பட்டியலிலேயே அவை இடம்பிடித்தன. பிறகுதான் போலி என்று தெரியவந்து, 1932-ல் வாக்கர் குற்றவாளி என்று தீர்ப்பானது.

இன்றும் இந்தச் சண்டை ஓயவில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் பழைய பொருள் விற்பனையில் 50 டாலருக்கும் குறைவாகக் கிடைத்த ஒரு ஓவியம் வான் கோவுடையது என்று 2025 ஜனவரியில் நியூயார்க் நிறுவனம் ஒன்று 450 பக்கங்களுக்கும் மேற்பட்ட அறிக்கை வெளியிட்டது. வான் கோ மியூசியம் ஏற்கவில்லை. பக்கம் பக்கமாக அறிக்கை இருந்தும், மோன்மஜூர் ஓவியத்துக்குக் கிடைத்த மாதிரி ஒரு கடிதமோ, தியோ பட்டியலின் எண்ணோ அதற்கு இல்லை.

நமக்கு இதில் என்ன?

ஆயிரம் கோடி நம்மிடம் இல்லைதான். ஆனால் 'கலெக்டர்களுக்கான போஸ்ட்-இம்ப்ரெஷனிஸ்ட் ஆயில் பெயின்டிங்' என்ற விளம்பரங்கள் நம் மொபைலுக்கும் வருகின்றன. வாங்கும் முன் இதையெல்லாம் கவனிங்க:

• 'வான் கோ பாணியில்', 'வான் கோவைப் பின்பற்றி' என்றிருந்தால் அவர் வரைந்தது இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லி விற்பது தவறில்லை, விலைதான் அதற்கு ஏற்ற மாதிரி இருக்கணும்.

• கித்தானில் பிரின்ட் போட்டு, மேலே பளபளப்பான பூச்சு தடவி விற்பதும் உண்டு. லென்ஸ் வைத்துப் பாருங்க. சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பிரின்ட்தான்.

• கையெழுத்தை மட்டும் நம்பாதீங்க. போலி செய்பவர்களுக்கு அது ரொம்ப சுலபம்.

• சான்றிதழ் இருந்தால், கொடுத்தது யார் என்று பாருங்க. விற்பவரே கொடுத்த சான்றிதழுக்குப் பெரிய மதிப்பு இல்லை.

• யாரிடம் இருந்து யாருக்குப் போனது என்ற வரலாற்றைக் கேளுங்க. 'பெயர் சொல்ல முடியாத ஒருவர்' என்று பதில் வந்தால், வாக்கர் கதையை நினைச்சுக்கோங்க.

முதலீடு என்ற கணக்கு வேண்டாம், வீட்டுச் சுவருக்கு ஒரு நல்ல ஓவியம் போதும் என்றால், இன்று வரைந்துகொண்டிருக்கும் ஒரு ஓவியரிடம் நேரடியாக வாங்கலாம். ஒரிஜினலா போலியா என்ற கவலையே கிடையாது, வரைந்தவரையே கேட்டுக்கலாம்.

மத்தபடி எந்த ஓவியமானாலும் முன்பக்கத்தைப் பார்த்து ரசிங்க. பணம் கொடுக்கும் முன் ஒருமுறை திருப்பி, பின்பக்கத்தையும் பாருங்க. முஸ்டாட் வீட்டுப் பரணில் கிடந்த ஓவியத்தைக் காப்பாற்றியதில் அந்தப் பின்பக்கத்து '180'-க்கும் பங்கு உண்டு.